நிற்கத் தெரிந்த கார்

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயாத்துரை மாமா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே, பந்தலின் பாதியை நிறைத்திருக்கும் தாய்மாரே, வென்ற கோப்பைகளை விடாமல் கட்டிப்பிடித்திருக்கும் துவிச்சக்கரவண்டி வீரர்களே, மதிலில் ஏறியிருக்கும் தம்பிமாரே, உங்கள் எல்லோருக்கும் நிலக்சனாவின் நடுங்கும் வணக்கம்.

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மூன்று வருடமாகத் தயாபரன் அண்ணையின் வாகனம் திருத்தும் கராச்சில் வேலை. வாகனத்துக்கு அடியில் படுத்திருந்தால்தான் எனக்குக் கதைக்க வரும். என்ன? கேட்கவில்லையா? ஓம், ஒலிவாங்கிக்குக் கிட்ட வருகிறேன்.

இந்தப் பரிசளிப்பில் பேச எனக்குத் தந்த தலைப்பு: எது சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்? காற்றைக் கிழிக்கும் வேகமா? கர்ச்சிக்கும் எஞ்சினா? கண்ணைப் பறிக்கும் சிவப்பா? என் கைத்தொலைபேசி நிறைய எஞ்சின் சத்தங்கள்தான். ஆகவே வேகத்தை வெறுப்பவள் என்று என்னை நினைக்காதீர்கள். பாரம் குறைந்த கார் வளைவில் ஓட்டுநரோடு வாதாடாது. நல்ல ஸ்ரியறிங், தெருவின் சிறு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லும். இவையெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலிடம் எதற்கு என்பதைச் சைக்கிள் போட்டி நாளில்தான் கண்டேன்.

சுவிசிலிருந்து வந்த நிசாந்தன் அண்ணை, கொழும்பு நண்பரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். நம் தீவுக்கு வரும் பண்ணைப் பாலத்தில் கடற்காற்று பட்டதே, உப்பு பிடித்துவிடுமே என்று அவருடைய மாமா, நம் தலைவர், கார் இங்கே நின்ற பத்து நாளும் காலையும் மாலையும் அதைக் கழுவினார். மாமா, சிரிக்காதேங்கோ! உங்களிடம் அனுமதி வாங்கித்தானே சொல்கிறேன்.

புளியங்கூடலிலிருந்து மடத்துவெளி வரை போட்டி. வழியில் ஒடுங்கிய பாலம். இரண்டு பக்கமும் கடல். அந்தக் கார் முன்னே போக, முப்பது சைக்கிள்கள் பின்னே போக வேண்டும். முதல் வரிசையில் என் தம்பி சதீசன்.

கார் மைதானத்துக்கு வந்து நின்றது. எல்லோரும் நிறத்தைப் பார்த்தார்கள்; நான் கீழே உருளும் சில்லைப் பார்த்தேன். ஓடிவந்த காரின் சில்லுக்குள் தெரியும் பிறேக் தட்டில் துரு நிற்காது. பிறேக் பிடிக்கப் பிடிக்கத் தேய்ந்து பளபளக்கும். மூன்று தட்டுகள் பளபளத்தன. முன் இடப்பக்கத்துத் தட்டு மட்டும் செங்கல் நிறம். அந்தச் சில்லில் பிறேக் பிடிக்கவேயில்லை.

தயாபரன் அண்ணையின் காதில் சொன்னேன்.

“கண்டது நீ. நீயே சொல்லு,” என்றார்.

ஊரே கூடியிருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வேன்? நான் சொல்வது பிழையானால் விருந்தாளிக்கு அவமானம். சரியாக இருந்து சொல்லாமல் விட்டால், பாலத்தில் என் தம்பி. கால் தானாக நடந்தது. காருக்கு முன்னால் போய் நின்றேன்.

“தங்கச்சி, விலகும். இது உங்கட லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் இல்லை. முந்நூறில ஓடுற கார்!” என்றார் நிசாந்தன் அண்ணை. எல்லோரும் சிரித்தீர்கள்.

“ஓடும் அண்ணை. நிக்குமோ எண்டுதான் கேக்கிறன்.”

அவர் கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:

“நிக்காட்டி?”

“மைதானத்தில நாப்பதில ஓடி, ஒருக்கா இறுக்கிப் பிடிச்சுக் காட்டுங்கோ. நேரா நிண்டால் நான் வீட்ட போறன்.”

ஓடினார். பிடித்தார். கார் வலப்பக்கம் இழுத்துத் திரும்பி, புழுதி கிளப்பி, யோகம்மா அக்காவின் தேநீர் மேசைக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. ஆளுக்குச் சேதமில்லை, அக்கா துள்ளி விலகியதில் தேநீர் வாளிதான் கவிழ்ந்தது. “உப்புத் துருவில பிறேக் இறுகிப்போச்சு,” என்றேன், சில்லுக்குள் குனிந்து பார்த்து.

“நான் தண்ணியாலதானே பிள்ளை கழுவினனான்!” என்றார் மாமா.

“எந்தக் கிணறு மாமா?”

“வீட்டுக் கிணறு.”

வாளியை நிமிர்த்தியபடி யோகம்மா அக்கா கேட்டார்: “அந்த உவர்த் தண்ணியில நீங்கள் தேத்தண்ணி போடுவியளே?”

அன்புள்ளவர்களே, குடிக்க நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அரை மைல் போகிற நாம், காருக்கு மட்டும் எல்லாத் தண்ணீரும் ஒன்றென்று நினைத்தோம். உப்புக்குப் பயந்து உப்பையே ஊற்றினோம்.

அன்று வீரர்களுக்கு முன்னால் எங்கள் கராச்சின் பழைய ஓட்டோ போனது. அது நாற்பதுக்கு மேல் ஓடாது, பிடித்தால் நிற்கும். பாலத்தின் நடுவில் மாடு குறுக்கே வந்தது. ஓட்டோ நேராக நின்றது. முப்பது பேரும் நின்றார்கள். இதோ, கோப்பையோடு இருக்கிறான் சதீசன். அந்த இடத்தில் அந்தக் கார் போயிருந்தால்? நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

ஆகவே சொல்கிறேன். வேகம் ஓட்டுபவருக்கு மட்டும் இன்பம். பிறேக்கோ ஓட்டுபவருக்கும், பின்னால் வருபவருக்கும், வீட்டில் காத்திருப்பவருக்கும் சேர்த்துச் செய்தது. முந்நூறில் ஓடும் கார் பெரிய கார். முந்நூறில் ஓடியும் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய நேரத்தில், நேராக நிற்கும் கார்தான் சிறந்த கார்!

பிறேக்கைக் கழற்றித் திருத்திவிட்டோம். நல்ல தண்ணீரால் கழுவி வாசலில் விட்டிருக்கிறோம். அது சத்தம் போட்டு ஓடியபோது கைதட்டினீர்கள். இப்போது சத்தமில்லாமல் நிற்கிறது. அதற்கும் ஒருமுறை தட்டுங்கள்.

என் சின்னக் குரலுக்குக் காது தந்தவர்களுக்கெல்லாம் நன்றி. வணக்கம்.