இன்னும் கொஞ்சம் சத்தம்

மேடையேறும் முன் என் தங்கை காதில் மாட்டும் ஒலிக்கருவியை நான்தான் துடைத்துக் கொடுப்பேன். மெல்லிய துணி, ஒரு சொட்டு ஆல்கஹால், அவ்வளவுதான் வேலை. இந்தச் சுத்தம் இல்லாமல்தான் பாடகர்கள் பலருக்குக் காதில் புண் வருகிறது. அம்பாரோவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

ஹெரெஸ் ஊரில் எங்கள் தெருவில் பாட வராதவர்கள் குறைவு. நான் அதில் ஒருவன். கிதார் பழகிப் பார்த்தேன், விரல் ஓடவில்லை. அதனால் ஒலிமேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அம்பாரோ பாடுவாள். அரங்கத்துக்கு அவள் குரல் எப்படிப் போக வேண்டும், அவள் காதுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. மேடையில் நிற்பவளுக்குத் தன் குரல் கேட்பதே அந்தச் சின்னக் கருவி வழியாகத்தான். அதன் விசை என் விரலடியில் இருந்தது.

லமீன் செனகல்காரன். ஒரு விழாவுக்கு நடனக் குழுவோடு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான். சபார் மேளம் அடிப்பான். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. முதல் ஒத்திகையில் எங்கள் ஃபிளமென்கோவின் புலேரியா தாளத்துக்கு நடுவே தன் ஊர்த் தாளத்தை நுழைத்தான். அம்பாரோ பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"டேய், கால எங்க வைக்கறதுன்னே தெரியலடா."

"எங்க வேணா வை. விழுந்தா நான் பிடிச்சுக்கறேன்."

அந்த வருஷமே லிஸ்பன், மார்செய் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஃபிளமென்கோவைக் கெடுக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் திட்டினார்கள். திட்டிக்கொண்டே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். லமீன் என்னை ஆரம்பத்திலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிட்டான். சும்மா விளையாட்டு என்று நினைத்தேன்.

ஒரு காலையில் காப்பிக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அம்பாரோ ரொட்டியில் சிவந்த பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். லமீனுக்கு எப்போதும் தக்காளியும் எண்ணெயும்.

"அண்ணே, நாங்க டாக்கர்ல போய் இருக்கப் போறோம். இவன் ஊர் ஆளுங்களோட சேர்ந்து புதுசா ஒரு குழு."

"ஒலிக்கு யாரு?"

அவள் தட்டைப் பார்த்தாள். "அங்க ஆள் இருக்காங்களாம்."

"நீயும் வாயேன் மச்சான்," என்று லமீன் என் தோளில் தட்டினான். "மேளம் தூக்க ஆள் வேணும்ல."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிக நேரம் சிரித்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கவலை. தெரியாத ஊரில் தெரியாத ஒருவன் அவள் காதுக்குப் பொறுப்பு என்றால் எந்த அண்ணனுக்குத்தான் கவலை இருக்காது?

அந்தக் கருவியில் ஒரு தடுப்பு உண்டு. ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டேன். பிறகு கச்சேரிக்குக் கச்சேரி மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். காது அதற்குப் பழகும். பழகியதும் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். அப்புறம் அவளே கேட்பாள். கேட்கவும் செய்தாள்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தம் வை. என் குரலே எனக்கு எட்டல."

வைத்தேன். அவள் கேட்காமல் நானாக வைத்தது முதலில் கொஞ்ச காலம் மட்டும்தான். கச்சேரி முடிந்து வண்டியில் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாள். "உள்ள சில்வண்டு கத்துதுண்ணே" என்பாள். நான் தண்ணீர் கொடுப்பேன். காது கொஞ்சம் மங்கும், டாக்கர் பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டே நின்றுபோகும் என்று நினைக்கவில்லை.

காதிஸ் கச்சேரியில் அவள் தாளம் தப்பி எடுத்தாள். திருத்தப் பார்த்தாள், மறுபடி தப்பியது. கூடவே கைதட்டிக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தியது. எங்கள் பக்கம் யாரும் கூச்சல் போட மாட்டார்கள். கை நின்றாலே போதும். அவள் மேடை நடுவில் நின்று என்னைத்தான் பார்த்தாள். பக்கத்தில் இருந்த லமீனைப் பார்க்கவில்லை.

காது பெரும்பாலும் போய்விட்டது என்ற மருத்துவர், மேடையில் அவள் பக்கத்தில் என்ன இருக்கும் என்று கேட்டார். "மேளம்" என்றேன். அது பொய் இல்லை. லமீன் வெளியே உட்கார்ந்திருந்தான், கதவு திறந்திருந்தது. அன்றோடு அவன் மேளத்தைத் தொடவில்லை. காது கேட்கும் கருவி பொருத்தினால் பேச்சு ஓரளவு கேட்கும் என்றும் மருத்துவர் சொன்னார். அழுதுகொண்டிருந்த அம்பாரோ, அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள். "ஓய்வெடுக்கச் சொல்றார்" என்றேன், உதடு அவளுக்குத் தெரிகிற மாதிரி, நிதானமாக.

லமீன் ஒரு கூடை அத்திப்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"என் மேளம்தான் உன் காதைத் தின்னுடுச்சு. நீ பாடலைன்னாலும் பரவால்ல. என்கூட வந்துடு. இல்லேன்னா நான் இங்கயே இருந்துடறேன்."

அவன் வேகத்துக்கு அவளால் உதட்டைப் படிக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே சொல்றான்?"

"ஊருக்குப் போறானாம். சொல்லிட்டுப் போக வந்திருக்கான்."

அத்திப்பழக் கூடையைப் பார்த்தாள். பிறகு, "நல்லபடியா போகச் சொல்லு" என்றாள்.

அதை அவனே தன் காதால் கேட்டான். கூடையை வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் எண்ணிலிருந்து எதுவும் வராதபடி அவள் போனில் தடுத்துவைத்தேன். அவளுக்கு அமைதி வேண்டும் அல்லவா?

அவன் ஊருக்குப் போகவில்லை. ஊவெல்வா பக்கம் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"மச்சான், அவ எப்படி இருக்கா? இன்னும் என்மேல கோபமா?"

விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். என்னிடம். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டி, என் கையில் ஒட்டியிருந்த பழச்சாற்றைக் கழுவினேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, அதனால்தான் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

தடுப்பை எடுத்தவன் நான். அவள் காதைக் கெடுத்தவனும் நான்தான், லமீன் இல்லை. இதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அம்பாரோவிடம் நீங்கள் மட்டும் போய் நிற்க வேண்டாம். மற்றவர் பேச்சு அவளுக்குப் பிடிபடாது, பயந்துவிடுவாள். என்னையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதை நான் அவளுக்கு எடுத்துச் சொல்கிறேன்.