ஒற்று மிகும் இடம்

எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு கால் குட்டை. நான் வேலையில் சேர்ந்த நாளிலேயே அப்படித்தான். அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகையின் ஒரே ஓர் இதழைக் கீழே கொடுத்தால் போதும், மேசை ஆடாமல் நிற்கும். பிறகு இரண்டு தேவைப்பட்டது. பிறகு நான்கு. போன வருடம் பதினொன்று வைத்தும் ஆடியது. பத்திரிகையின் நிலைமையைத் தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்டதில்லை. குனிந்து பார்த்துக்கொள்வேன்.

கணினி பழுது பார்ப்பவர்களுக்கான மாத இதழ் எங்களுடையது. நான் அதில் மெய்ப்புத் திருத்துபவன், அதாவது அச்சுக்குப் போவதற்கு முன் பிழை பார்ப்பவன். முப்பத்தொரு வருடம். நல்ல நாட்களில் கடைக்காரர்கள் எங்கள் இதழைப் பார்த்துத்தான் திருகாணியை எந்தப் பக்கம் திருகுவது என்றே முடிவு செய்தார்கள். இது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

கடைசிப் பக்கத்தில் 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஆசிரியர் அதில் மட்டும் கறார். அச்சகம் செய்த தவறென்றால் 'அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்' என்று போட வேண்டும். நாங்கள் செய்ததென்றால் 'எங்கள் பிழைக்கு வருந்துகிறோம்'. "நம்ம அழுக்கை அச்சகத்துக்காரன் சட்டையில துடைக்காதய்யா" என்பார். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். அச்சுப்பிழைக்கு இலக்கணம் தெரியாது. எழுத்தைத் தின்னும், கவிழ்க்கும், இரண்டு தடவை கக்கும். ஆனால் ஒற்று மிக வேண்டிய இடம் பார்த்துச் சரியாகச் சேர்க்க மட்டும் அதற்குத் தெரியாது.

அந்தக் கட்டத்துக்குத் தீனி போட்டவர் ஒரு வாசகர். எங்கோ சின்னதாகப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலிருக்கும். நான்தான் 'எறும்பு' என்று பெயர் வைத்து ஒரு முறை அச்சிலும் போட்டுவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவரே அப்படிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மாதம் தவறாமல் அஞ்சலட்டை வரும். 'பக்கம் 12, வரி 9. "மின்சாரத்தை பற்றி" என்று இருக்கிறது. நடுவிலிருந்த ப் எங்கே, ஊருக்குப் போயிருக்கிறதா? வந்ததும் சொல்லவும். எறும்பு.' நான் ப் வந்து சேர்ந்ததாகத் திருத்தம் போடுவேன். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது. நேரில் பார்த்ததில்லை. வீட்டில் என் மனைவியோடு பேசியதைவிட அவரோடுதான் அதிகம் பேசியிருப்பேன். அவளும் அதை மறுத்ததில்லை.

பிறகு வாசகர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் போய்விட்டார்கள். அங்கே யாராவது பேசிக்கொண்டே ஒரு பெட்டியைக் கழற்றிக் காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் பின்னாலேயே விளம்பரங்களும் போயின. விளம்பரப் பிரிவில் இருந்த அம்மாள் கடைசியில் தன் தம்பி மகன் கல்யாணத்துக்கு வாழ்த்து விளம்பரம் வாங்கிவந்து, 'இணைப்புகள்' என்ற பகுதியில் போட்டுவிட்டு வேலையை விட்டார். எறும்பின் அஞ்சலட்டையும் நின்றது.

ஒரு நாள் ஆசிரியர் என் மேசையில் கை ஊன்றினார். மேசை ஆடியது.

"இழுத்து மூடிடலாம்னு இருக்கேன்."

"ஆறு மாசம் பொறுங்க சார்."

"எதுக்குய்யா? யாரு படிக்கிறா? படிச்சவன்கிட்டேயிருந்து ஒரே ஒரு வரி கொண்டா, நடத்துறேன். சும்மா நீயே எழுதிட்டு வராதே, உன் கையெழுத்து எனக்குத் தெரியும்."

நியாயமான நிபந்தனை. வாசகரை எழுதவைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிழை.

முதல் மாதம், ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தவர் பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்ததாக எழுதினேன். கடிதம் வரவில்லை. அடுத்த மாதம், விசைப்பலகையில் தூசு சேர்ந்தால் அதைக் கவிழ்த்து வைத்து மூன்று முறை தும்மவும் என்றேன். வரவில்லை. பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டால் முதுகில் தட்டிக்கொடுத்துப் பெயர் சொல்லி அழைக்கவும் என்றேன். மோடம் மந்தமானால் சன்னலோரம் வைத்து வெயில் காட்டவும் என்றேன். ஆசிரியர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவரும் படிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஐந்து மாதம் போய்விட்டது. ஆறாவது இதழில் யூபிஎஸ் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி: 'உட்பாகங்களின் தொடு பரிசோதனைக்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.' தும்மலுக்கும் வெயிலுக்கும் அசையாதவர்கள் உயிருக்காவது அசைவார்கள் என்று தோன்றியது. நான் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் யோசித்தேன். படிக்கிறவர்கள் இருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள், ஆபத்தில்லை. படிக்கிறவர்களே இல்லையென்றால் ஆபத்து யாருக்கு? ஓட்டை எதுவும் தெரியவில்லை.

'முன்' என்பதை அடித்துவிட்டுப் 'பின்' என்று எழுதினேன். அப்படி எழுதினால் 'பரிசோதனைக்கு' என்பதன் பின்னால் ஒரு ப் வர வேண்டும். அதையும் மறக்காமல் போட்டேன். ஒருவேளை எறும்பு எங்காவது இருந்தால், ஒற்று விட்டுப்போனால் அதைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு விஷயத்தை விட்டுவிடுவார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் கடிதம் வரவில்லை. ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பழைய இதழ்கள், ஒரு மின்வயரால் கட்டியிருந்தாள்.

"சந்தாவை நிறுத்தணும் ஐயா. எறும்புன்னு எழுதுவாரே, அவரோட பொண்ணு."

எழுந்து நின்றேன். என் நாற்காலியையே போட்டேன். "அப்பா எப்படிம்மா இருக்கார்? கடுதாசியே காணோம்."

"கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. எழுத முடியல. அப்புறம் லேசா மறதி. அப்பா போய் இருபது நாள் ஆச்சுய்யா."

நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, ஏனோ சிரித்தாள்.

"கடைசியில குழந்தை மாதிரி ஆயிட்டார். பிரிண்டர் பேப்பரை முழுங்கிட்டா அது முதுகுல தட்டி, 'குண்டு, துப்புடா கண்ணா'ம்பார். கீபோர்டைக் கவுத்துப் போட்டு, மூக்குல துணியை விட்டுக்கிட்டுத் தும்முவார். ஒரு நாள் பார்த்தா சன்னல்ல வரிசையா மோடம் காயுது. வத்தலா போடறீங்கப்பான்னு கேட்டேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். மூளை தேஞ்சுக்கிட்டு வருதுன்னு மாத்திரை எழுதினார். அதைப் போட்டா நாளெல்லாம் தூங்குவார். கடையைப் பூட்டிடலாம்ப்பான்னா, 'எனக்கு மறந்தா என்ன, புத்தகத்துக்கு மறக்காது'ன்னு சொல்வார். திறந்து வச்சுக்கிட்டு, வரிமேல விரலை வச்சு வச்சுத்தான் வேலை செய்வார்."

"அன்னைக்கு?"

"நான் பின்னால துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். யாரோ யூபிஎஸ் கொடுத்திருந்தாங்க. ப்ளக்கைப் பிடுங்காமலே உள்ளே கையை விட்டுட்டார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அதைக்கூட மறந்துட்டார் பாருங்க."

"அந்தப் பக்கத்தை நீ படிச்சியாம்மா?"

"எனக்கு என்னய்யா புரியும். தப்பு அப்பா மேலதான். உங்க புத்தகத்துல தப்பு வந்தா அவர் விட்டிருப்பாரா?"

"விடமாட்டார்" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

அந்த இதழ்க் கட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மேலே இருந்தது அந்த இதழ். முப்பத்தொன்றாம் பக்கம், ஏழாவது வரி. ஓரத்தில் நடுங்கி நடுங்கி, ஆனாலும் எறும்பு அளவில், பென்சிலால் எழுதியிருந்தார்: 'ப் வந்துவிட்டது. நன்று.'

நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியது. பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு முறைதான்.

பிறகு அந்த ஓரத்தை மட்டும் அடிக்குச்சி வைத்து நேராகக் கிழித்து ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, எறும்பு. இருக்கான்யா ஒருத்தன்."

"இருக்கார் சார்."

அதை வாசகர் கடிதமாகவே போட்டோம். பத்திரிகை இன்னும் நான்கு மாதம் வந்தது. ஒரு மனிதர் கடைசியாக எழுதிய வரி நான்கு இதழ்களைத் தாங்கியது என்றால், அது அவருக்குப் பெருமைதான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் மகள் கொடுத்த கட்டு மேசைக் காலுக்குக் கீழே இருக்கிறது. மேசை இப்போது ஆடுவதில்லை.

இது எங்கள் கடைசி இதழ். வருவதாகச் சொன்ன ஒரு விளம்பரம் வரவில்லை. இந்தப் பக்கம் காலியாகிவிட்டது. அதனால்தான் இதையெல்லாம் இங்கே எழுத இடம் கிடைத்தது. நான் எதையும் ஒளிக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். அச்சில் போடுகிறேன், இதைவிட வெளிப்படையாக ஒருவன் எப்படிச் சொல்வது? படிக்க ஆள் இல்லை என்பது என் குற்றமல்ல.

இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. தெரிந்த பிழையைத் திருத்தாமல் நான் ஒரு நாளும் விட்டதில்லை. கட்டத்துக்கு நான்கு வரி இடம் இருக்கிறது. கடைசி வரியை எப்படிப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுத்தைக் கோத்தது அச்சகம். மை அச்சகத்துடையது. காகிதத்தில் பதித்ததும் அவர்கள் இயந்திரம்தான். எங்கள் ஆசிரியரின் விதிப்படி பார்த்தால்கூட, முடிவு இதுதான்.

திருத்தம்: மே இதழ், பக்கம் 31, வரி 7. 'பரிசோதனைக்குப் பின்' என்பதைப் 'பரிசோதனைக்கு முன்' எனத் திருத்திப் படிக்கவும். அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்.