இடது பக்கப் பெட்டி

பைக்குக்குப் பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று. அது தப்பான கேள்வி, மேடம். துணிமணி எதில் வேண்டுமானாலும் பிடிக்கும். வண்டி கீழே விழுந்தால் பெட்டி என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. விழப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் கடைக்குப் போவதில்லை.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, டீக்கும் நன்றி. நீங்கள் பந்தோபஸ்து முடிந்து வரும்வரை வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். என்ன விஷயம் என்று ரைட்டர் கேட்டார். இன்ஸ்பெக்டர் தமிழ்மொழி மேடமிடம்தான் சொல்வேன், அவசரம் ஒன்றுமில்லை என்றேன். என் பெயர் சாய்சரண். பிறந்து வளர்ந்தது இதே மயிலாப்பூர். இப்போது வேளச்சேரியில் ஃபிளாட், பெருங்குடியில் வேலை. ஆதில் செத்ததைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கச்சேரி ரோடு பக்கம் சோபா தைக்கிற கடை வைத்திருந்தவன். போன வருஷம் திண்டிவனம் தாண்டி பைக்கிலிருந்து விழுந்து போனான். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அவன் தங்கை ஜுவேரியா இன்று காலை அதே வண்டியில், அதே ரோட்டில் கிளம்பியிருக்கிறாள். முதலில் கன்னியாகுமரி, அங்கிருந்து திரும்பி லடாக். அண்ணன் போக நினைத்த வழி. அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும், அதைவிட எனக்கு வேறு ஆசை கிடையாது. இந்நேரம் தாம்பரம் தாண்டியிருப்பாள்.

"ஆரம்பத்துலேர்ந்து நிதானமா சொல்லுங்க சார்" என்றீர்கள். அப்படியே சொல்கிறேன். எனக்கும் எதையும் நடுவிலிருந்து சொல்வது பிடிக்காது.

இந்த மாதிரி உயரமான டூரிங் பைக்குகளில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புக் கேரியர் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாகக் கெட்டிப் பெட்டி மாட்டுவோம். கழுதைக்குப் பொதி ஏற்றுகிற மாதிரிதான். அலுமினியப் பெட்டி மேல் பக்கமாகத் திறக்கும். விழுந்தால் நசுங்கும், ஆனால் எந்த ஊர் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பெட்டி பக்கவாட்டில் திறக்கும். திறந்தால் ஜட்டி முதல் பற்பசை வரை ரோட்டில் கொட்டும். விழுந்தால் விரிசல் விடும், ஒட்ட முடியாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பைக்கில் ஊர் சுற்றுகிற எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறில் ஒரு டீக்கடையில் கூடுவோம். பெட்டி விஷயத்தில் நான் சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை. சும்மா வந்த மரியாதை இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் வீட்டுக்கு எடுத்து வந்து, உள்ளே நியூஸ் பேப்பர் வைத்து, ஷவருக்கு அடியில் விட்டுவிடுவேன். காகிதம் நனைந்தால் அந்தப் பெட்டி என் கணக்கில் இல்லை. "ஏன்னா, பெத்த பொண்ணுக்குக்கூட இப்படி எண்ணெய் ஸ்நானம் பண்ணி வெச்சதில்லையே நீங்க" என்று என் மனைவி ஸஹானா கேலி செய்வாள். இந்த விஷயத்தில் மட்டும்தான் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள், மேடம். ஆபீசில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

ஆதில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். லடாக் போவது எங்கள் இரண்டு பேருடைய திட்டம். வருஷா வருஷம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் லீவே கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவன் தனியாகப் போக முடிவு பண்ணினான். அலுமினியப் பெட்டி வாங்கு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து நிற்கிறான்.

"அலுமினியம் ஒரசி துணியெல்லாம் கருப்பா ஆய்க்கினு வருது மச்சி. நான் வெள்ள சோபா தைக்கிறவன், என் பொயப்பே நாறிடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "இவன் பொட்டி பாத்துக்கினே இருப்பான், நாம ஊரு பாத்துக்கினே இருப்போம். இத்தினி பொட்டி வாங்குனியே, எங்க போய்க்கிற சொல்லு? மகாபலிபுரம் போயி போண்டா துன்னுட்டு வந்த. அதுக்கு இன்னாத்துக்குடா பொட்டி, ஒரு மஞ்சப் பை போதாதா?" என்று கேட்டான். அன்றைக்கு டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆதில் என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான். அவன் மனதில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரப் பயணம் கிளம்புகிறவன் தன் பெட்டியைத் தானே பார்த்துத் திருப்திப்படக் கூடாது. மாட்டியவன் கண்ணுக்குத் தப்பு தெரியாது. இன்னொருவன் வந்து இரண்டு பெட்டியையும் பிடித்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் பெட்ரோல் டேங்கில் ஒரு தட்டு தட்டுவான். அந்தத் தட்டு விழுந்த பிறகு, கிளம்புகிறவன் இறங்கித் திரும்பவும் பார்ப்பது மரியாதை இல்லை. பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். யார் இதை ஆரம்பித்தார்களோ தெரியாது. நாங்கள் யாரும் மீறியதில்லை.

ஆதில் கிளம்பிய அன்று அவன் வீட்டு வாசலில் நான்தான் இருந்தேன். அவன் அம்மா ஜமீலுன்னிசா அவன் வலது கையில் இமாம் ஜாமின் கட்டினார். பயணம் போகிறவர்களுக்குத் துணியில் காசு வைத்து முடிந்து கட்டுவார்கள். "குலுக்குடா மச்சி" என்றான் ஆதில். வலது பக்கப் பெட்டி கல் மாதிரி இருந்தது. இடது பக்கத்தைப் பிடித்தேன். ஆடியது. குனிந்து பார்த்தேன். பெட்டியைக் கேரியரோடு பிடிக்கிற பூட்டின் நாக்கு பாதியில் நின்றிருந்தது. பெட்டியின் மீது குற்றமில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அவன் அவசரத்தில் சரியாக அழுத்தவில்லை. ஒரு விரலால் அழுத்தியிருந்தால் டக்கென்று பூட்டு விழுந்திருக்கும்.

கையை எடுத்தேன். டேங்கில் தட்டினேன். "போய்ட்டு வாடா" என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான், மேடம். செங்கல்பட்டுக்குள் பெட்டி கழன்று விழும். அவன் துணியெல்லாம் ஹைவேயில் பறக்கும். பொறுக்கிக்கொண்டு நிற்பான். எனக்குப் போன் போட்டு, "நீ சொன்னது கரெக்டுதான் மச்சி" என்பான். அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. பெட்டி செங்கல்பட்டில் விழவில்லை. திண்டிவனம் தாண்டி, ஒரு மேம்பாலத்து இறக்கத்தில், பாதி கழன்று தொங்கி, சக்கரத்துப் பக்கம் மடங்கிவிட்டது. வண்டி சாய்ந்தது. பின்னாலேயே கண்டெய்னர் லாரி.

நான் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் குழுவில் இருக்கும் தௌசீஃப் போன் செய்து அழுதான். நான் அவனிடம் முதலில் கேட்டது, எந்தப் பக்கப் பெட்டி என்று. அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். இன்றைக்கும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறான்.

ஆதிலை வீட்டுக்கு எடுத்து வந்தபோது ஜமீலுன்னிசா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னியே பேட்டா, அந்தப் பெட்டி வாணாம்னு. கேட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பானே" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் என் மனம் குளிர்ந்தது. அழுதேன், நிஜமாகவே அழுதேன், ஆனால் உள்ளே குளிர்ந்தது. அடுத்த மாதமே எங்கள் ஆட்கள் எல்லோரும் அலுமினியத்துக்கு மாறினார்கள். யாரும் அதற்குப் பிறகு மஞ்சப் பை பேச்சை எடுக்கவில்லை. இந்நேரம் ஜுவேரியா செங்கல்பட்டு ஏரியைப் பார்த்திருப்பாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பிடிக்கும், நிறுத்திப் படம் எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாள்.

சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது யாரோ என் டேங்கில் தட்டினார்கள். ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அடிக்கடி. வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போக ஆரம்பித்தேன். ரயிலில் என் முதுகுக்குப் பின்னால் தகரத்தில் தட்டு விழுகிறது. அவசரமே இல்லாத தட்டு. போகலாம் என்று சொல்கிற தட்டு. வீட்டில் கேஸ் சிலிண்டர், பீரோ, கிரில் கேட் என்று எல்லாவற்றையும் பிடித்து ஆட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. "இன்னும் எத்தனை நாழி அந்தக் கதவையே உலுக்கிண்டு நிப்பேள்? எனக்குப் பயமா இருக்குன்னா" என்று ஸஹானா அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பூட்டு டக்கென்று விழும் சத்தம் என் காதுக்குக் கேட்பதே இல்லை, மேடம். பூட்டியிருக்கும், ஆனால் கேட்காது.

ஜுவேரியா அடையாறில் பிசியோதெரபிஸ்ட். ஆதில்தான் அவளுக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். நசுங்கிய வண்டியை வீட்டுக்குள் வைத்து, சம்பளத்தைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தாள். ஒருநாள் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். "சரண்ணா, பெட்டி நீங்கதான் செலக்ட் பண்ணித் தரணும். ஆதில் பாய் உங்க பேச்ச கேக்கல. நான் கேக்குறேன்" என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த வாரங்களில் தட்டுகிற சத்தமே கேட்கவில்லை. சைலன்ஸர் வலது பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்துக்குச் சின்னது, இடது பக்கத்துக்குப் பெரியது என்று அளவெடுத்தேன். அவள் ஒல்லி, அதனால் பெட்டி அகலம் குறைவாக, எடை தாழ்வாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். ஷவருக்கு அடியில் வைத்தேன், காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை. அந்த மாதிரிப் பெட்டியை இந்த ஊரில் யாரும் யாருக்கும் பார்த்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். விபத்தில் வளைந்த இடது கேரியரை மட்டும் வெல்டிங் வைத்து நிமிர்த்தியிருந்தாள். "புதுசு போடணுமாண்ணா?" என்று கேட்டாள். புதிது வர நாளாகும், இதுவே போதும் என்றேன். நேராகத்தான் தெரிந்தது.

இன்று காலை அவர்கள் வீட்டு வாசல். அம்மா அவளுக்கும் இமாம் ஜாமின் கட்டினார். கட்டும்போது முடிச்சு விழவில்லை, நான்தான் பிடித்துக் கொடுத்தேன். "எதுக்கும்மா அழுவுற, சரண்ணா கீறாருல்ல" என்று அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள் ஜுவேரியா. ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "குலுக்குங்கண்ணா" என்றாள். வலது பெட்டியைக் குலுக்கினேன். நன்றாக இருந்தது. பின்பக்கமாகச் சுற்றி வந்து இடது பக்கத்தில் நின்றேன்.

உங்கள் பேனா நின்றுவிட்டது. கேட்கப் போவது எனக்குத் தெரியும். "அந்தப் பொண்ணு பெட்டிய ஆட்டிப் பாத்தீங்களா, இல்லியா?"

பார்க்கவில்லை, மேடம். பெட்டி கேரியரில் ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. என் கண்ணாகவும் இருக்கலாம். பிடித்துக் குலுக்கி, அது ஆடித் தொலைத்தால் நான் என்ன செய்வது? நான் பார்த்துக் கொடுத்த பெட்டி ஆடக் கூடாது. அதுவும் ஆடுமென்றால், ஆதில் எதற்காகச் செத்தான்? கையைக் கொண்டு போனவன் அப்படியே டேங்கில் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். இறங்கிப் பார்க்கவில்லை, அவளும் எங்கள் வழக்கம் தெரிந்தவள். தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு நடந்தே இங்கே வந்தேன்.

ஆதில் விஷயத்தைக் கொலை என்று எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆடிய பெட்டியைத் தெரிந்தே அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? அவளுக்குப் போன் போட்டுப் பயனில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடு என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ஹைவே பேட்ரோலுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், திண்டிவனம் நெருங்கியிருப்பாள். ஆனால் வீண் அலைச்சல், மேடம். அவளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த முறை பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான்.