வீட்டுக்காரர் அலமாரி

ஏழாம் வார்டில் இரண்டு நர்ஸுகள் ஒரு குழந்தையின் காலிலிருந்து மருந்துக் குழாயை அவசர அவசரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மூன்றாவது மாடியில் என் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு தடவையாவது துடைத்துவிட வேண்டும் சார். பிஸ்கட் தூள் உள்ளே போய்விட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

போன் அடித்தது. பெரிய நர்ஸ். "சார், பம்ப் அதுபாட்டுக்கு மருந்தை ஏத்தித் தள்ளியிருக்கு. கம்ப்யூட்டர் குடுத்த அளவுதான் சார், நாங்க ஒண்ணுமே தொடல" என்று மூச்சிரைக்கச் சொன்னார். மற்ற பம்புகளையும் நிறுத்தச் சொன்னேன். துணியை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

இந்த விசாரணை அறையில் இரண்டு மணி நேரமாக நீங்கள் என்னை ஒரு சாட்சியாக நினைத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன்.

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரர் தன்னுடைய அலமாரியில் சில சாமான்களை வைத்திருப்பார். அவைதான் சிஸ்டத்தோடு வரும் மாட்யூல்கள், அதாவது எந்த புரோகிராமும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் சின்னச் சின்னத் துண்டு நிரல்கள். நாம் தனியாக எழுதிப் போடுகிறவற்றை நம் சொந்த பீரோவில் வைக்க வேண்டும். அதற்கென்றே தனி ஃபோல்டர் இருக்கிறது. புரோகிராம் முதலில் நம் பீரோவைத் திறந்து பார்க்கும். அங்கே இல்லையென்றால்தான் வீட்டுக்காரர் அலமாரிக்குப் போகும். நம் பொருளை அவர் அலமாரியில் திணித்தால் என்ன ஆகும்? ஒரு நாள் அவர் வெள்ளையடிக்க வருவார். அலமாரியைக் காலி செய்து, தன் பழைய சாமானையே திரும்ப அடுக்கிவிட்டுப் போய்விடுவார். அதைத்தான் அப்டேட் என்கிறோம்.

பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லி வந்தேன். எனக்கு வைத்த பட்டப்பெயர் 'அலமாரி'.

என் மனைவியின் தம்பியை இங்கே சேர்த்துவிட்டவனே நான்தான். எட்டே மாதத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். எனக்கு வருத்தமில்லை. கெட்டிக்காரன், வாய் ஜாலமும் உண்டு. சர்வர் மாற்றியபோது, நான் தனியாக வைத்திருந்த மாட்யூல்களையெல்லாம் கொண்டுபோய் சிஸ்டத்தின் ஃபோல்டரிலேயே கொட்டினான். மீட்டிங்கில் எடுத்துச் சொன்னேன்.

"மாமா, எங்க வெச்சா என்ன? கூப்பிட்டா வருதா, வேலை செய்யுதா, அவ்ளோதான். நீங்க இதுக்குப் போய் பஞ்சாயத்து வெக்கிறீங்களே" என்றான்.

"விடுங்க சார், அலமாரிக்குப் பூட்டு வாங்கித் தந்துடலாம்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். டாக்டர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் இவள் தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, தம்பி போன் பண்ணியிருக்கிறான் என்று. "உங்களுக்கு என் தம்பியைவிட அந்த ஃபோல்டர் பெருசா போச்சா?" என்றாள். கேள்வியே சரியில்லை.

ஏழாம் வார்டு கீபோர்டுகள் வெளிநாட்டுச் சரக்கு. எண்களுக்குப் பக்கத்தில் புள்ளி விசை இருக்க வேண்டிய இடத்தில் கமா இருக்கும். குழந்தையின் எடை மூன்று புள்ளி இரண்டு கிலோ என்று நர்ஸ் அடித்தால், திரையில் மூன்று, கமா, இரண்டு என்று விழும். சிஸ்டத்தோடு வந்த மாட்யூல் கமாவைக் கண்டுகொள்ளாது. முப்பத்திரண்டு என்று படித்துவிடும், மருந்தும் பத்து மடங்கு போகும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு நானே அதைத் திருத்தி எழுதினேன். என் மாட்யூல் இருக்கும்வரை எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அப்டேட் என்று எல்லோருக்கும் தெரியும். அது எந்த மாட்யூலை மாற்றும் என்பதைப் பட்டியலில் பார்த்தவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன், எடையைப் படிக்கும் மாட்யூலும் அதில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் சொன்னேன் சார். இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். ஒரு சின்னத் தவறு நடக்கட்டும், யாராவது நர்ஸ் கவனித்துக் கத்தட்டும், எல்லோரும் என் மேஜைக்கு வரட்டும் என்றுதான் நினைத்தேன். பம்புக்கு அளவு நேராகப் போகிறது, இடையில் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த இணைப்பைக் கொடுத்ததும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்தக் குழந்தை இறந்தது. அதன் அம்மா வராந்தாவில் நின்றபடி, பால் புட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். நான் பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மேஜையில் விரித்து வைத்திருந்தீர்கள், கண்ணில் பட்டது. நர்ஸின் தட்டச்சுப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், வெளி பெஞ்சில் அழுதுகொண்டிருப்பது அவர்தான். ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'மாட்யூல் உரிய தனி ஃபோல்டரில் வைக்கப்பட்டிருந்தும் தவறு நேர்ந்துள்ளது, ஆகவே வைக்கும் இடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.'

என் மச்சான் சொன்னதை வைத்து எழுதியிருப்பீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை நாலரை மணிக்கு என் மேஜைக்கு வந்து, "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. தனி ஃபோல்டருக்கு மாத்திட்டேன். நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்" என்றான். என் தோளைக்கூடத் தட்டினான்.

எதுவுமே கெடாமல் அவன் மாற்றிவிட்டால், நான் சொன்னது சரி என்று யாருக்குத் தெரியும்?

அன்று மாலை ஐந்து பத்துக்கு மாட்யூலை எடுத்துப் பழையபடி சிஸ்டத்தின் ஃபோல்டரில் வைத்தேன். அவன் வைத்த இடத்திலேயே விட்டிருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நான்காம் பக்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள் சார். படிக்கிறவர்கள் என் முறையைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.