முதலில் பார்த்தவரே பொறுப்பு

கூட்டத்துக்கு பிஸ்கட் வைப்பதை நான் நிறுத்திவிட்டதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய், ஐயா. கடைசிவரை வைத்தேன். தின்னத்தான் ஆள் வரவில்லை.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் சங்கச் செயலாளர். பதவிக்கு வந்த புதிதில் என் வீட்டு வாசலில் எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். தொட்டியில் பாசி, படிக்கட்டில் விளக்கில்லை, மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார். சோற்றில் கைவைக்க விடமாட்டார்கள். ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு விதி கொண்டுவந்தேன். எந்தக் குறையையும் முதலில் பார்த்துச் சொல்கிறவரே அதற்குப் பொறுப்பாளர். ‘பங்கேற்பு ஜனநாயகம்’ என்று பெயரும் சூட்டினேன். கைதட்டினார்கள்.

பாசியைச் சொன்ன தையற்காரர் தொட்டிப் பொறுப்பாளர் ஆனார். அப்புறம் எந்த வீட்டுக் குழாயில் காற்று வந்தாலும் அவர் கதவைத்தான் தட்டினார்கள். “நீங்கதானே தொட்டி? மனுஷன் குளிக்கிறதா வேணாமா?” என்று சோப்பு நுரையோடு வந்து நின்றவர்கூட உண்டு. விளக்கைச் சொன்ன கணக்கு வாத்தியாருக்கும் அதே கதி. கொஞ்ச காலத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் மாடிப் படியில் ஓர் எலி செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, வெடித்து, புழு நெளிந்தது. வங்கி மேலாளர், பல் டாக்டர், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நாசூக்காகத் தாண்டிப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் சென்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். எலியைவிட இவர்களை நினைத்துத்தான் எனக்குக் குமட்டியது.

எடுத்தவர் நர்சம்மா. ஐந்தாம் மாடி, ஓய்வுபெற்றவர், தனியாள், மூச்சிரைப்பு உண்டு. செய்தித்தாளில் சுருட்டி நேரே என்னிடம் கொண்டுவந்தார்.

“இந்தா தம்பி, உன் ஜனநாயகம். புடி.”

“நீங்கதானேம்மா முதல்ல பாத்தீங்க? இனி எலிப் பொறுப்பு உங்களுக்கு.”

“சரி. அப்போ பெருச்சாளியிலேருந்து ஆரம்பிக்கிறேன்.”

சொன்னபடியே வீடுவீடாக ஏறி இறங்கினார். ஞாயிறு மாலை கீழே கூட்டம், என்னை இறக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவது என்று ஏற்பாடு. தையற்காரர் படியில் நின்று சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிறு மாலை நர்சம்மா லிஃப்டில் இறங்கும் சத்தம் கேட்டதும் மின்சாரப் பெட்டியைத் திறந்து லிஃப்டின் சுவிட்சை அணைத்தேன். கூட்டத்துக்கு அவர் வராவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. தட்ட ஆரம்பித்தார்.

“யாராவது இருக்கீங்களா? மூச்சு முட்டுது... கதவத் திறங்க.”

நான் படியேறி அங்கே போய் நின்றேன். தையற்காரர் வீட்டுக் கதவு விரலளவு திறந்தது. உள்ளிருந்து அவர் மனைவி, “உள்ள வாங்க நீங்க. தொட்டி போதாதா, லிஃப்டையும் தலையில கட்டிக்கணுமா?” என்றாள். கதவு சாத்திக்கொண்டது. பல் டாக்டர் வீட்டில் டிவி சத்தம் கூடியது. வங்கி மேலாளர் வெளியே வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

என் காலடி நர்சம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். “யாரு... தம்பியா?” என்றார். தட்டல் பிறாண்டலாகத் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

சுவிட்சை அணைத்தது நான். லிஃப்ட் கதவின் சாவி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அத்தனை கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது, காது இருந்தது. ஒருத்தருக்காவது நெஞ்சில் ஈரம் இருக்கும் என்றுதான் கடைசிவரை காத்துக்கொண்டு நின்றேன். அருவருப்பாக இருக்கிறது ஐயா, இவர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தேன் என்பதே. நானே போய்த் திறந்துவிட்டால், இந்த ஜனங்களுக்கு அக்கறை என்பது எப்போதுதான் வரும்?