உப்புவெளியில் விற்பனைக்கு ஒரு வீடு

சீலா: இஞ்சாருங்கோ, அந்தப் பத்திரிகைப் படத்தை இன்னும் எத்தினை தரம் பாப்பீங்கள்? போனைக் கீழ வையுங்கோ.

அல்பிரட்: பொறும் சீலா... இந்தத் தென்னையைப் பாரும். சரிஞ்சு நிக்கிற தென்னை. இது எங்கட உப்புவெளிக் கடற்கரைதான்.

சீலா: நிலாவெளி ஆக்கள் தங்கடை எண்டு சொல்லுகினம்.

அல்பிரட்: அவை சொல்லுவினம். நிலாவெளியில தென்னை இப்பிடியோ சரியும்?

சீலா: தென்னைக்கு ஊர் தெரியுமே? காத்தடிச்சா எங்கயும் சரியும்.

அல்பிரட்: நீர் சிரியும். வெளிநாட்டுப் பத்திரிகையில எழுதியிருக்கு... 'இந்த வருஷம் கட்டாயம் போய்ப் பாக்க வேண்டிய ஊர்' எண்டு. உலகத்தில எத்தினை ஊர் கிடக்கு! எங்கட திருகோணமலை, சீலா!

சீலா: தெரியும். ஞாயிறு பூசை முடிய பாதரும் அதைத்தானே சொன்னவர்.

அல்பிரட்: சந்தையிலயும் அதே கதை. ஒரு ஓட்டோக்காரன் பின்னுக்குப் புதுசா எழுதிப்போட்டான், 'உலகம் வந்து பாக்கிற ஊர்' எண்டு. றோட்டில மான் குறுக்க வந்தா முந்தி ஹோர்ன் அடிச்சுக் கலைப்பான். இப்ப ஓட்டோவை நிப்பாட்டி, 'படம் எடுங்கோ, படம் எடுங்கோ' எண்டுறான்.

சீலா: மானும் இப்ப தலையைச் சரிச்சு வச்சுக்கொண்டுதான் நிக்குதாம்.

அல்பிரட்: சண்டை முடிஞ்ச புதுசில என்ன கேப்பினம்? 'திருகோணமலையோ... அங்க வரலாமோ?' வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட எண்டு இந்த ரெண்டு அறைக்கும் பெயின்ற் அடிச்சு வச்சிட்டு, நீரும் நானும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தம்.

சீலா: முதல் வந்தது அந்த ஜெர்மன்காரி. என்ர மீன் குழம்பைச் சாப்பிட்டு மூக்கு, கண் எல்லாம் தண்ணி...

அல்பிரட்: அடுத்த வருஷமும் வந்தவதானே.

சீலா: ஓம்... வந்தவ.

அல்பிரட்: குழம்புக்காகத்தான் வந்தவ.

சீலா: அது கிடக்கட்டும். சேட்டைக் கழட்டி நல்லதொண்டு போடுங்கோ. வீடு பாக்கிற ஆள் இப்ப வந்திடுவார்.

அல்பிரட்: ஓம் என்ன... வந்திடுவார்.

சீலா: மகள் தினுஷா காலமை போன் எடுத்தவள். விசாப் பேப்பர் எல்லாம் சரியாம். 'அப்பாவையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்திடுங்கோ, வீட்டை வித்துப்போடுங்கோ' எண்டு ஒரே கரைச்சல். பேரனையும் காட்டினவள். பல்லு முளைச்சிட்டுது.

அல்பிரட்: உமக்குச் சந்தோஷம்தானே?

சீலா: உங்களுக்கு?

அல்பிரட்: நீர் சந்தோஷமெண்டா... எனக்கும்தான்.

சீலா: அதைத்தான் நானும் சொல்லுறன்.

அல்பிரட்: விக்கிறதுக்கும் நல்ல நேரம். பத்திரிகையில வந்தாப்பிறகு இந்தக் கரையில ஒரு துண்டுக் காணிக்கும் அடிபாடு.

சீலா: நல்ல நேரம்தான்... ஆரோ படலையில நிக்கினம்.

முனீப்: அங்கிள், உள்ள வரலாமா? நான் முனீப். வீட்டு விசயமா நேத்து போன்ல கதைச்சது நான்தான்.

அல்பிரட்: வாங்கோ தம்பி, வாங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ.

சீலா: பிளேன்ரீ குடிப்பீங்கள்தானே? இந்தாங்கோ.

முனீப்: தாங்க அன்ரி... ஹா, என்ன காத்து! கொழும்புல இந்தக் காத்துக்கு எங்க போறது?

சீலா: கொழும்போ நீங்கள்?

முனீப்: கடை கொழும்புல. ஊர் இங்க பக்கத்துல, கிண்ணியா. அந்தப் பத்திரிகை வந்த நேரம் கடைக்கு வாற ஆக்கள் எல்லாருக்கும் காட்டினன், 'இது எங்கட ஊர், இது எங்கட ஊர்' எண்டு. ஒருத்தர் திருப்பிக் கேட்டார், 'அப்ப நீ ஏன் இங்க நிக்கிறாய்?' அதான் வந்துட்டன். இங்கயே ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துவம் எண்டு.

அல்பிரட்: நல்லது... நல்ல யோசினை.

முனீப்: மேல் அறையில கடல் தெரியுமா அங்கிள்?

அல்பிரட்: தெரியுமோ எண்டே கேக்கிறீங்கள்! காலமை வெயில் கட்டிலுக்கே வரும். ஆனா தம்பி... ஒளிக்காமச் சொல்ல வேணும். உப்புக் காத்தில ஜன்னல் கொழுக்கி எல்லாம் துருப்பிடிச்சிடும்.

முனீப்: கடற்கரை வீடுதானே. மாத்தலாம்.

சீலா: காகமும் சரியான கரைச்சல். விடிய முந்தியே தொடங்கிடும். ஒரு வெள்ளைக்காரர் காதுக்குள்ள பஞ்சை வச்சுக்கொண்டுதான் படுத்தவர்.

அல்பிரட்: சீலா?

சீலா: உண்மையைத்தானே சொல்லுறன்.

முனீப்: கிண்ணியாவுல மட்டும் காகம் சத்தமில்லாமலா இரிக்கு அன்ரி?

அல்பிரட்: மாரி மழையில வீட்டு முத்தம் முழுக்க வெள்ளம் நிக்கும்.

சீலா: குசினிக்குள்ளயும் வரும்.

அல்பிரட்: குசினிக்குள்ள எப்ப வந்தது?

சீலா: ஒருக்கா வந்தது. அப்ப நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீங்கள்.

அல்பிரட்: ஓமோம்... வந்தது, வந்தது. மேல் அறைக் கூரையும் ஒழுகும் தம்பி.

சீலா: பக்கத்து வீட்டு நாயும் பொல்லாதது.

அல்பிரட்: கலைச்சுக் கலைச்சுக் கடிக்கும்.

முனீப்: படலையில படுத்திருந்த செம்மஞ்சள் நாயா? அது என்ட காலை நக்கித்தானே உள்ள விட்டிச்சு.

சீலா: அது... புது ஆக்களெண்டா அதுக்குப் பிடிக்கும்.

முனீப்: அங்கிள், அன்ரி... கோவிக்காதீங்க. இந்தக் கிழமை நான் எத்தினையோ வீடு பாத்துட்டன். வெடிச்ச சுவரைக் கையால மறைச்சுக்கொண்டு 'கல்லு மாதிரி வீடு' எண்டு சொன்ன ஆக்களைத்தான் கண்டன். விக்கிற ஆக்கள் இப்பிடிக் கதைக்க மாட்டாங்க.

அல்பிரட்: இல்லைத் தம்பி... பிறகு நீங்கள் எங்களைக் குறை சொல்லக்கூடாதெண்டு...

முனீப்: நான் ஒரு குறையும் சொல்லல்ல. கரை நீளம், எனக்கு வேற இடம் கிடைக்கும். நீங்க ரெண்டு பேரும் முதல் உங்களுக்குள்ள கதையுங்க. நான் வாறன்.

சீலா: தேத்தண்ணி குடிச்சு முடிக்கேல்லையே...

முனீப்: குடிச்சிட்டன் அன்ரி. குசினியில இருந்து மீன் குழம்பு மணக்குது. அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரு குறையும் சொல்லல்ல.

அல்பிரட்: ...போயிட்டார்.

சீலா: நல்ல பிள்ளை.

அல்பிரட்: ஏன் சீலா காகத்தை இழுத்தனீர்?

சீலா: நீங்கள்தானே துருவில தொடங்கினனீங்கள்.

அல்பிரட்: துரு சின்ன விசயம். நீர் குசினிக்குள்ள வெள்ளத்தையல்லோ விட்டீர்!

சீலா: மேல் அறை எப்ப ஒழுகினது?

அல்பிரட்: அது...

சீலா: என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

அல்பிரட்: ஒழுகேல்லை.

சீலா: அப்ப உங்களுக்குக் கனடா போக விருப்பமில்லையோ?

அல்பிரட்: பேரனைப் போனில பாத்துப் பாத்து நீர் அழுகிறனீர். எப்பிடி நான் வாய் திறக்கிறது?

சீலா: அழுறது அவனைத் தூக்க வேணும் எண்டு. அங்க போய்க் குடியிருக்க வேணும் எண்டில்லை. நான் நினைச்சன்... நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாப்பிறகு நீங்கள்தான் மகளோட இருக்க ஆசைப்படுறீங்கள் எண்டு.

அல்பிரட்: ஆசை இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா ஊருக்கு இப்பதானே ஆக்கள் வருகினம் சீலா. இவ்வளவு காலம் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்துபோட்டு, அவை வாற நேரத்தில நாங்கள் எழும்பிப் போறதே?

சீலா: தினுஷாவுக்கு ஆர் சொல்லுறது?

அல்பிரட்: நீர்.

சீலா: நீங்கள்.

அல்பிரட்: சரி, ரெண்டு பேருமாச் சொல்லுவம். மாரியில இஞ்ச ஒருத்தரும் வராயினம். அப்ப போய்ப் பேரனோட நிண்டிட்டு வருவம்.

சீலா: அப்ப அங்க பனியல்லோ கொட்டும்!

அல்பிரட்: கொட்டட்டும். அதையும் ஒருக்காப் பாப்பம்.

சீலா: அவள் கோவிப்பாள்...

அல்பிரட்: கோவிப்பாள். பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவாள். உலகத்துச் சனமெல்லாம் வருகுது... இஞ்ச பிறந்தவள் வரமாட்டாளே?

சீலா: இன்னொண்டும் இருக்கு. நீங்கள் கோவிக்கக் கூடாது.

அல்பிரட்: சொல்லும்.

சீலா: பிரான்சில இருந்து ஒரு சோடி கேட்டவை... சித்திரை வருஷப் பிறப்புக் கிழமை முழுக்க மேல் அறை வேணும் எண்டு. வீடு விக்கப்போறம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

அல்பிரட்: சித்திரை வருஷத்துக் கிழமைக்கோ?

சீலா: ஓம். ஏன் முழிக்கிறீங்கள்?

அல்பிரட்: அதே கிழமைக்கு, அதே அறையை... நானும் ஒரு கண்டிக் குடும்பத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.