அக்கா எழுதிய எச்சரிக்கை வரி

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உடன் உழைத்தவர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவை இந்த நிறுவனத்தின் தூண் என்றார்கள். உயிரோடு இருந்தபோது அந்தத் தூணை எப்படி அழைத்தோம்? ‘ரெண்டாந்தடவை அக்கா.’ யார் எந்த நிரலை எழுதிக் காட்டினாலும், இதே கோளாறு ரெண்டாந்தடவை வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். நாம் சிரிப்போம்.

அவசர அழைப்புகளைக் கணினிக்குக் கொண்டுவரும் நம் நெட்வொர்க் கார்டுகள் தீயணைப்பு நிலையங்களில் இருக்கின்றன. கார்டு கோளாறானால் அதை நிறுத்தி மறுபடி கிளப்புவது, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளின் வேலை. கிளப்பும்போதே இன்னொரு கோளாறு வந்தால்? தான் பாதியில் விட்ட வேலை முடியட்டும் என்று அந்த மென்பொருள் தானே காத்து நின்றுவிடும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவன் கதைதான். திரையில் இணைப்பு பச்சையாகவே இருக்கும். அழைப்பு மட்டும் வராது.

இதை அக்கா சொன்னபோது மேலாளர் அவர்கள் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

“ஒரு அடி விழறதே அபூர்வம். எழுந்திருக்கிறப்பவே இன்னொண்ணு எங்கம்மா விழப்போகுது?”

“பட்ட காலிலதான் சார் படும்.”

பட்டது. ஒரு கிடங்கு முழுதும் எரிந்த பிறகுதான் தீயணைப்பு வண்டி கிளம்பியது.

அதற்குப் பின்பே திருத்தச் சொன்னார்கள். அக்கா தன் நோய்க்கான சிகிச்சைக்கு நடுவே வந்து, ஓடும் கார்டுக்கு வேண்டுமென்றே கோளாறு கொடுத்து, அது எழும்போது மறுபடியும் கொடுத்து, திருத்தி முடித்தார். முடிவில் ஒரு வரி சேர்த்தார்: மீண்டு வந்தாலும், ‘இந்தக் கார்டு தடுமாறுகிறது, மாற்றுங்கள்’ என்று அது திரையில் சிவப்பாகச் சொல்லும். மாதக்கணக்கில் அவர் திருத்தியதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தத் திருத்தம் அஞ்சலியாக ஏற்கப்பட்டது என்று தலைவர் சற்றுமுன் அறிவித்தார். அக்காவின் கணவர் கைகூப்பினார். ஐயா, அந்தக் கைகளை இறக்குங்கள். காலையில் நான் பார்த்துவிட்டேன். அந்தச் சிவப்பு வரியை நீக்கிவிட்டார்கள். வாங்குபவர்கள் பயப்படுவார்களாம்! வலித்தால் கத்தவும் கூடாதா?

சோதனைப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் இங்கிருந்து வெளியே போகாது. இன்று அந்தக் கையெழுத்து என்னுடையது. அந்த வரி திரும்பும்வரை அது விழாது.

என்னை வீட்டுக்கு அனுப்பலாம். என் நாற்காலிக்கு வரப்போகிறவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்பது ஒன்றுதான்: ரெண்டாந்தடவையும் மறுத்துவிடுங்கள்.